குஞ்சு காக்கும் விராலுக்குத் தூண்டில் வேண்டாம்

மாரி பிறந்தால் கிட்டங்கித் தாம்போதியடியில் கூட்டம் கூடிவிடும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, சோறு தின்ற கையோடு நற்பிட்டிமுனை, மருதமுனை, சாய்ந்தமருது, சவளக்கடை என்று பல ஊர்ப் பொடியன்களும் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்குகிறார்கள். ஆளுக்கொரு தூண்டில், கூட்டத்துக்கொரு பிளாஸ்க் தேநீர். முன்பு மூங்கில் கம்பு, தங்கூசி, மண்புழு, இவ்வளவுதான் சாமான். இப்போது ரீல் பூட்டிய கம்பும் இறப்பர் தவளையும் பளபளக்கும் பொய் மீன்களும் வந்துவிட்டன. நானும் என் கூட்டாளிகளும் இந்தக் கூட்டத்தில் பழைய ஆட்கள். ஒருவர் ஆசிரியர், ஒருவர் தையல்காரர், ஒருவருக்கு மத்தியமுகாம் பக்கம் வயல்.

இந்தப் பொழுதுபோக்கை மனதார ஆதரிக்கிறவன் நான். அசர் தொழுதுவிட்டு வந்து மஃரிப் பாங்கு கேட்கும் வரை நாலு பேர் ஒரே நீரைப் பார்த்தபடி இருப்பதில் ஒரு நெருக்கம் உண்டு. கடன் கதை, பிள்ளையின் படிப்பு, கட்டாருக்குப் போவதா ஊரிலேயே இருப்பதா என்ற குழப்பம், வாப்பாவின் நோய் என்று வீட்டில் வாய் திறக்காத விஷயமெல்லாம் அங்கேதான் வெளியே வரும். முகத்தை முகம் பார்த்துச் சொல்ல முடியாததை மிதப்பைப் பார்த்துக்கொண்டு சொல்லிவிடலாம். ஊரில் இளைஞர்களைப் பாழாக்கும் பழக்கங்கள் எத்தனையோ புகுந்துவிட்ட காலத்தில், தூண்டிலோடு போகும் பிள்ளையைக் கண்டால் எனக்குச் சந்தோசம்தான். அந்தச் சந்தோசத்தோடுதான் இந்தக் கிழமை ஒரு விஷயத்தைச் சொல்ல வருகிறேன்.

மட்டக்களப்பு வாவியின் தெற்கு முனை நம் பக்கம். மாரியில் ஆற்று வெள்ளம் இறங்கும்போது இங்கே உப்பு கழுவப்பட்டு நல்ல தண்ணீராகிவிடும். ஆறும் வயலும் ஒன்றாகும். ஆற்றுவாழை ஒதுங்கிய ஓரங்களிலும், வயல் வாய்க்கால் வந்து விழும் பள்ளங்களிலும் விரால் ஏறுவது அந்த நாட்களில்தான்.

அப்படியான ஒரு பள்ளத்தில் கொஞ்சம் பொறுமையாக நின்று பாருங்கள். நீரின் மேல் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு வட்டம், உலை கொதிப்பதுபோல் துடித்துக்கொண்டே நகரும். அத்தனையும் விரால் குஞ்சுகள். நூற்றுக்கணக்கில் இருக்கும். ஒரு குஞ்சு மேலே வந்து காற்றைக் குடித்துவிட்டு இறங்க, அடுத்தது வரும். விரால் செவுளை மட்டும் நம்பி வாழும் மீன் அல்ல. மேலே வந்து மூச்செடுத்தால்தான் அதற்கு உயிர். அதனால்தான் மற்ற மீன்கள் செத்து மிதக்கும் சேற்றுக் குட்டையிலும் அது பிழைத்துக்கொள்கிறது. கரையில் அசையாமல் இன்னும் கொஞ்சம் நில்லுங்கள். அந்த வட்டத்துக்கு நேர் கீழே கறுத்த முதுகு ஒன்று தெரியும். அது தாயாக இருக்கலாம், தகப்பனாகவும் இருக்கலாம். புல்லை விலக்கி இடம் செய்து, முட்டையை மிதக்கவிட்டு, ஓரிரு நாளில் குஞ்சு பொரித்த பிறகும் விட்டுப் போகாமல் கிழமைக் கணக்கில் காவல் நிற்கும் மீன் அது. வட்டம் நகர்ந்தால் அதுவும் நகரும். வட்டம் நின்றால் அதுவும் நிற்கும்.

இப்போது நம் பொடியன்கள் கற்றுக்கொண்டிருக்கும் வித்தை என்னவென்றால், அந்தச் செம்மஞ்சள் வட்டத்தைத் தேடிப் பிடித்து, அதன் நடுவால் இறப்பர் தவளையை இழுப்பது. இரண்டாவது மூன்றாவது இழுவையிலேயே தண்ணீர் வெடிக்கும். பெரிய விரால், கம்பு வளையும், கூச்சல், ஃபோட்டோ. ஆனால் அந்த மீன் பசித்துக் கவ்வவில்லை. குஞ்சைத் தின்ன வந்த தவளை என்று எண்ணி அடித்தது. பிள்ளையைக் காக்கப் பாய்ந்ததற்காகப் பிடிபட்டது. அதைப் பைக்குள் போட்டுக்கொண்டு நாம் வீடு வந்த பின், காவல் குறைந்த அந்த வட்டத்தை நீர்க்காகமும் கொக்கும் மற்ற மீன்களும் தின்று முடிப்பதற்கு அதிக நேரம் எடுக்காது. ஒரு மீனைப் பிடித்ததாக நினைக்கிறோம். அடுத்த வருசத்து மீன்கள் அத்தனையையும் சேர்த்தே பிடித்திருக்கிறோம்.

இதில் நாம் பாடம் படிக்க வேறு ஊர்க்காரர் இருக்கிறார்கள். உலகத்தில் தூண்டிலை ஒரு கலையாகவே வளர்த்தவர்கள் ட்ரவுட் என்ற குளிர்நீர் மீனுக்குப் போகிறவர்கள். அமெரிக்காவின் மேற்கே மொன்டானா, வயோமிங் பக்கத்து மலையாறுகளுக்கு வருசா வருசம் கூட்டாளிகளாகச் சேர்ந்து போவார்கள். கூடாரம் அடித்துத் தங்கி, இடுப்பளவு குளிர்நீரில் இறங்கி நிற்பார்கள். அவர்களுடைய இரை உயிருள்ளதல்ல. சிறிய முள்ளில் இறகையும் நூலையும் சுற்றி ஆற்றுப் பூச்சி ஒன்றைப்போலவே செய்து வைப்பார்கள். தனியாக வீசி எறியும் அளவுக்கு அதற்கு எடை இல்லை. அதனால் தடித்த கயிற்றின் எடையைக் கொண்டே முன்னும் பின்னும் வீசி அதைத் தண்ணீரில் இறக்க வேண்டும். இன்று ஆற்றில் எந்தப் பூச்சி பறக்கிறதோ அதைப்போன்ற இரையையே கட்ட வேண்டும். ஆற்றைப் படிக்கத் தெரியாதவனுக்கு அங்கே மீன் இல்லை.

அந்தக் குளிர்நீர் மீன் நம் நாட்டிலும் உண்டு. 1880களில் வெள்ளைக்காரர்கள் அதன் முட்டைகளைக் கப்பலில் கொண்டுவந்து நுவரெலியாப் பக்கம் வளர்த்தார்கள். சிலோன் ஃபிஷிங் கிளப் என்று சங்கம் அமைத்து, குஞ்சு பொரித்து, ஓடைகளில் விட்டார்கள். வானவில் ட்ரவுட் ஹோட்டன் சமவெளியின் ஓடையில் இன்றும் இருக்கிறது. உலக முடிவைப் பார்க்கப் போகும் நம்மூர்ப் பிள்ளைகள் அந்த ஓடையைத் தாண்டித்தான் போகிறார்கள். அந்த வரவில் ஒரு கெடுதியும் இருக்கிறது. உலகத்தில் வேறெங்கும் இல்லாத சிறிய இறால் இனம் ஒன்று அந்த ஓடையில் வாழ்கிறது. அந்நிய மீனான ட்ரவுட் அதற்கு ஆபத்து என்று ஆய்வாளர்கள் எச்சரித்திருக்கிறார்கள். ஆகவே மீனைக் கொண்டுவந்து விடுவதைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தத் தூண்டில்காரர்கள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட கட்டுப்பாட்டைத்தான் சொல்ல வருகிறேன்.

ட்ரவுட் ஆற்றடியில் கூழாங்கல்லை வாலால் விலக்கிக் குழி செய்து முட்டையிடும். அந்த இடம் சுற்றியுள்ள கல்லைவிட வெளிச்சமாகத் தெரியும். முறை தெரிந்த தூண்டில்காரர் அந்தக் கல்மேட்டில் காலைக்கூட வைப்பதில்லை. அதன் மேல் நிற்கும் மீனுக்குத் தூண்டில் போடுவதை இழிவு என்றே கருதுகிறார்கள். ஒருவன் அப்படிச் செய்தால் கூட வந்த கூட்டாளிகளே அவனைக் கண்டிப்பார்கள்.

மொன்டானாவில் இன்னொரு பாடமும் இருக்கிறது. அங்கே ஒரு காலத்தில் பண்ணையில் வளர்த்த ட்ரவுட்டை லொறி லொறியாக ஆறுகளில் கொட்டினார்கள். டிக் வின்சென்ட் என்ற ஆய்வாளர் மடிசன் ஆற்றில் கணக்கெடுத்துப் பார்த்தபோது, பண்ணை மீன் கொட்டிய பகுதிகளில் ஆற்றிலேயே பிறந்த மீன்கள் குறைந்திருந்தன. கொட்டுவதை நிறுத்திய இடத்தில் அவை பெருகின. 1974இல் அந்த மாநிலம், ஆற்று மீன் தானாகப் பெருகும் ஆறுகளில் பண்ணை மீன் விடுவதையே கைவிட்டது. ஆற்று மீனை அதன் போக்கில் பெருக விட்டால் ஆறே மீன் தரும் என்பதை அவர்கள் செய்து காட்டினார்கள். நம் குளங்களுக்கு அரசாங்கம் விடும் குஞ்சுகள் பெரும்பாலும் திலாப்பியாவும் கெண்டை வகைகளும்தான். விராலுக்கு அதன் தாய் தகப்பனே பொரிப்பகம். அந்தப் பொரிப்பகத்தை நாமே உடைத்துவிட்டு, ஆற்றில் விரால் இல்லை என்று குறைப்படுவதில் நியாயம் இல்லை.

ஆனால் ட்ரவுட்காரர்களின் எல்லாப் பழக்கமும் நமக்கு ஒத்துவராது. பிடித்த மீனைத் திரும்ப நீரில் விடுவது அவர்களுடைய பெரிய ஒழுக்கம். நாள் முழுக்கப் பிடித்துப் பிடித்து விடுவார்கள். நம் மார்க்கத்தில் நீர் வேட்டை தாராளமான ஹலால். இஹ்ராம் கட்டியவருக்குக்கூட அது தடையில்லை. அதே மார்க்கம் உயிருள்ள எதையும் வெறும் விளையாட்டுக்குக் குறியாக்காதே என்றும் கற்பிக்கிறது. மீனின் வாயில் முள்ளைக் குத்தி, களைக்க வைத்து, ஃபோட்டோ எடுத்துவிட்டு அனுப்புவதை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஒருநாளும் ஏற்றிருக்கமாட்டார்கள். எனக்கும் அது ஏற்புடையதல்ல. நம் வழி நேரானது. ஆணத்துக்கும் பொரியலுக்கும் தேவையானதைப் பிடி, போதுமானது கிடைத்ததும் தூண்டிலைச் சுருட்டு, மிச்ச நேரம் இருந்து கதை. சின்ன மீனோ காவல் மீனோ தற்செயலாக மாட்டினால், ஈரக் கையால் பிடித்து முள்ளைக் கழற்றி உடனே விட்டுவிடு. உலர்ந்த கை மீனின் வழுவழுப்பை உரித்துவிடும். அந்த வழுவழுப்புத்தான் அதை நோயிலிருந்து காக்கிறது.

கொடுவா பிடிக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கொடுவா ஆணாக வளர்ந்து, பின்பு பெண்ணாக மாறும் மீன். சில வருசம் ஆணாகவே இருந்து, உடம்பு பெருத்த பிறகுதான் முட்டையிடும் பெண்ணாகும். அப்படியென்றால் நாம் போட்டி போட்டுத் தேடும் மிகப் பெரிய கொடுவாக்கள் பெரும்பாலும் தாய்மீன்கள். குஞ்சு மீனை விடவேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். மிகப் பெரியதையும் சில நேரம் விடத்தான் வேண்டும்.

வலைக்காரர் அள்ளிக்கொண்டு போகிறாரே, தூண்டில்காரனுக்கு மட்டும் ஏன் உபதேசம் என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். வெடி வைப்பதும் நஞ்சு கலப்பதும் 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க மீன்பிடிச் சட்டத்தின்படி குற்றம். அதைக் கண்டால் முறையிட வேண்டும். ஆனால் அனுமதித்த வலையோடு வாவியில் இறங்குகிறவருக்கு அது பிள்ளைகளின் சோறு. வலைக்கு எது தாய், எது குஞ்சு என்று தெரியாது. தூண்டில்காரனுக்குத் தெரியும். செம்மஞ்சள் வட்டத்தைக் கண்ணால் கண்டு, குறி வைத்து, முடிவெடுத்து அவன் எறிகிறான். அன்று மீன் கிடைக்காவிட்டால் அவன் வீட்டில் அடுப்பு எரியாமல் இருக்கப் போவதுமில்லை. தெரிந்து செய்கிறவனுக்குத்தான் பொறுப்பு அதிகம்.

இதோடு நம் உயிரைப் பற்றியும் ஒரு வார்த்தை. கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாயும் நாட்களில் அதன் மேல் நின்று தூண்டில் போடாதீர்கள். 2024 நவம்பரில் மாவடிப்பள்ளியில் மதரஸா மாணவர்கள் போன உழவு இயந்திரத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போனதை இந்தப் பகுதி மறக்காது. ஆற்றுவாழைக்குள் முதலை கிடப்பதும் நம் எல்லோருக்கும் தெரிந்ததே. நீர் இறங்கிய பிறகு போனாலும் மீன் இருக்கும்.

காவல் விராலை விட்டுவைப்பதற்கு அதிகாரி வரவேண்டியதில்லை, பொலிஸ் வரவேண்டியதில்லை. ஒரு கூட்டாளிக் கூட்டம் முடிவெடுத்தால் போதும். குஞ்சோடு நிற்கும் விராலை யார் பிடித்தாலும் நம் கூட்டத்தில் அதைப் பாராட்டமாட்டோம், அந்த ஃபோட்டோவுக்கு லைக் போடமாட்டோம் என்று நாலு கூட்டங்கள் சொன்னால், இந்த மாரிக்குள்ளேயே பழக்கம் மாறிவிடும். காக்காமாரே, கிட்டங்கியில் உங்கள் பக்கத்தில் நின்று தூண்டில் போடும் பொடியனிடம் இந்த வெள்ளிக்கிழமையே இதைச் சொல்லுங்கள். வித்தையை அவன் உங்களிடம்தான் கற்றான். இதையும் உங்களிடமே கற்கட்டும்.