காலுக்கேற்ற செருப்பு

சென்ற திங்கள் நடந்த சங்கக் கூட்டம் முடிந்து வாயிலில் நின்றுகொண்டிருந்தபோது, நம் இளைஞர் ஒருவர் நம்மை அணுகினார். அவருடைய பாட்டனார் சென்னையில் வாங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் அவர்கள் இல்லத்தில் இன்றும் ஓடும் நிலையில் இருக்கிறது. ஞாயிறுதோறும் தாயாரையும் தங்கையையும் கோயிலுக்கு அதில்தான் அழைத்துச் செல்கிறார். அக்காரின் இனத்தைச் சேர்ந்த டிரயம்ப் ஸ்பிட்ஃபயர் என்னும் இரட்டை இருக்கைப் பந்தயக் கார் அகன்ற டயர்களுடன் நிற்கும் படமொன்றைக் காட்டி, "நம் வண்டிக்கும் இவ்வாறே அகன்ற டயர் பூட்டினால் சாலையை இன்னும் இறுகப் பற்றிக்கொள்ளும் அல்லவா, அண்ணா?" என்று வினவினார்.

ஆம் என்று உடனே சொல்லிவிடத் தோன்றும் கேள்விதான். சொல்லியிருந்தால் அவருக்குத் தீங்கு செய்தவராவோம். வாயிலில் நின்று விளக்க இயலாத செய்தியாதலின், விடையை இப்பகுதியில் எழுதுவதாக அவரிடம் கூறினோம்.

ஹெரால்டு கார் 1959இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. அதன் உருவை வகுத்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கெலொட்டி. 1961 முதல் சென்னையிலும் அது செய்யப்பெற்றது. அதன் சட்டத்தையே குறுக்கி அமைத்து, அதே மிக்கெலொட்டி வரைந்த அழகிய மேலுடலைப் பொருத்தி, 1962இல் ஸ்பிட்ஃபயரை வெளியிட்டனர். 1980 வரை அது உற்பத்தியில் இருந்தது. இரு வண்டிகளும் பின்சக்கர அமைப்பில் உடன்பிறந்தவை. ஆதலின் பந்தயக் காரைப் பற்றிப் பிறர் கற்ற பாடம் நம் குடும்பக் காருக்கும் பொருந்தும்.

அவ்வமைப்பு யாது? சாதாரணக் கார்களில் பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே நீண்ட அச்சின் இரு முனைகளில் நிற்கும். ஹெரால்டிலோ அவ்வச்சு இரண்டாகப் பிளந்தது. நடுவிலுள்ள டிஃபரன்ஷியல் பெட்டி சட்டத்தோடு பிணைந்திருக்க, அதன் இருபுறமும் கதவுக் கீல் போன்ற யுனிவர்சல் ஜாயிண்டுகளிலிருந்து இரு அரை அச்சுகள் சிறகுகளைப்போல மேலும் கீழும் அசைகின்றன. பெட்டியின்மேல் குறுக்காகக் கிடக்கும் பட்டை வில் ஒன்று அவ்விரு சிறகுகளையும் தாங்குகிறது. நம் ஊர் வில்வண்டியைக் கண்டவர்களுக்கு இவ்வில் புதியதன்று.

பள்ளம் மேடுகளில் இது சுகமான அமைப்புத்தான். ஆயினும் சக்கரம் அரை அச்சோடு ஒன்றாய்ப் பொருந்தியிருப்பதால், அச்சு சாயுந்தோறும் சக்கரமும் சாய்கிறது. விரைவாக வளைவில் திரும்பும்போது, வெளிப்புறச் சக்கரத்தைச் சாலை உள்நோக்கித் தள்ளுகிறது. சாய்த்து ஊன்றிய முட்டுக்கட்டையை அடியில் உள்நோக்கித் தள்ளினால் அதன் தலை மேலெழும் அன்றோ? அவ்வாறே காரின் பின்னுடல் மேலெழுகிறது. சக்கரத்தின் அடிப்பாகம் உடலின்கீழ் மடிந்து புகுகிறது. அவ்வேளையில் ஓட்டுபவர் அஞ்சி ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலோ, பிரேக்கை அழுத்தினாலோ, பாரம் முன்னே சென்று பின்புறம் மேலும் உயரும். டயரின் ஓர் ஓரமே தரையில் நிற்க, வண்டியின் பின்பாகம் திடீரென்று வெளியே வீசப்படும். அனுபவமற்றவர் இயல்பாகச் செய்யும் செயலே அங்கு ஆபத்தாகிறது.

இனி அகன்ற டயருக்கு வருவோம். எளிய கணக்கொன்று போட்டுப் பார்ப்போம். கீலிலிருந்து சக்கரம் வரை 20 அங்குலம் என்று கொள்வோம். சக்கரம் 2 அங்குலம் தாழ்ந்தால், சாய்வு பத்தில் ஒரு பங்கு. தரையைத் தொடும் பட்டை 4 அங்குல அகலமாயின், அதன் ஒரு விளிம்பு தரையிலிருந்து 0.4 அங்குலம் எழும்பப் பார்க்கும். 6 அங்குல அகலமாயின் 0.6 அங்குலம். ரப்பர் வளைந்துகொடுப்பதால் முழுதும் எழும்பாது. எனினும் சுமையெல்லாம் மற்ற விளிம்பில் குவிந்துவிடும். காசு கொடுத்து வாங்கிய அகலம் நெருக்கடி நேரத்தில் பயன்படுவதில்லை. மேலும், மிதமான வேகத்தில் அகன்ற டயர் நன்கு பற்றுவதால், சாலை சக்கரத்தை உள்தள்ளும் விசையும் மிகும்; உடலைத் தூக்கும் விசையும் அதனுடன் மிகும். காலைச் சீர்செய்யாமல் செருப்பை மட்டும் பெரிதாக்கினால் நடை திருந்தாது. தடுக்கி விழுவதுதான் மிச்சம்.

காரைச் செய்தவர்களும் இதனை அறிந்து படிப்படியாகத் திருத்தினர். 1968இல் வந்த ஜி.டி. 6 காரின் இரண்டாம் வகையில், சக்கரத்தின் அடியை ஒரு தனிக் கையால் பிடித்து நிறுத்தி, அச்சில் ரப்பர் இணைப்பு வைத்தனர். சக்கரம் மடிந்து புகுவது பெரிதும் நின்றது. 1970இல் வந்த ஸ்பிட்ஃபயர் நான்காம் வகையில் வேறு வழி கண்டனர். வில்லின் ஒரு பட்டையை மட்டும் பெட்டியோடு இறுக்கி, ஏனைய பட்டைகளை ஏற்றப்பலகைபோல் நடுவில் சாய்ந்தாட விட்டனர். உடல் சாய்வதைப் பின்வில் எதிர்ப்பது குறைந்தது. வெளிச்சக்கரத்தின்மேல் விழும் மிகைச் சுமையும் குறைந்தது. சாய்வைத் தாங்கும் பொறுப்பு முன்புறம் சென்றமையால், அங்குள்ள தடுப்புக் கம்பியைத் தடிமனாக்கினர். பின்னர் அரை அச்சுகளையும் நீட்டினர். முதல் ஸ்பிட்ஃபயரின் ரிம் 3½ அங்குல அகலம். நான்காம் வகையில் அது 4½ அங்குலமாயிற்று. காலும் செருப்பும் ஒன்றாகவே மாறின என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். சென்னையிலோ, ஹெரால்டுக்குப்பின் 1970களில் வந்த கசெல் காரில் பிளந்த அச்சையே கைவிட்டுப் பழைய ஒற்றை அச்சுக்குத் திரும்பினர்.

ஆகவே இவ்வண்டிகளில் டயரை அகலப்படுத்த விரும்புவோர் கடைப்பிடிக்க வேண்டிய வரிசை இது.

முதலாவது, சாய்வைத் திருத்துதல். மேற்கூறிய ஆடும் வில்லைப் பொருத்துவது ஒரு வழி. வில்லுக்கும் பெட்டிக்கும் இடையே கட்டை வைத்துப் பின்புறத்தைத் தாழ்த்துவது மற்றொன்று. தாழ்த்தினால் சக்கரம் மடிவதற்கு முன் சிறிது இடங்கிடைக்கும். ஆனால் நால்வரும் மூட்டையும் ஏறினால் டயரின் உள்விளிம்பு தேயும். வேகத்தடைகளில் அடி இடிக்கும். வில் தன்னுள் பெருவிசையை அடக்கி நிற்பது. அதைக் கழற்றும் வேலை கைதேர்ந்த மெக்கானிக்குக்கே உரியது.

இரண்டாவது, இடைவெளியை அளத்தல். ரயில்வேயில் எப்பெட்டியானாலும், அது செல்லும் வழியில் எதிலும் இடிக்காதபடி வகுத்த அளவு எல்லைக்குள் அடங்க வேண்டும். காரிலும் அந்நெறியே வேண்டும். வில்லை நீக்கியபின் சக்கரத்தை ஜாக்கியால் அங்குலம் அங்குலமாக, அடிமட்டத்திலிருந்து உச்சிவரை உயர்த்தி, உள்ளே இணைப்புகளுக்கும் வெளியே மட்கார்டின் விளிம்புக்கும் உள்ள இடைவெளியை ஒவ்வோர் இடத்திலும் குறித்துக்கொள்ள வேண்டும். நின்ற நிலையில் தட்டாத டயர், பாரம் ஏறியதும் தட்டலாம்.

மூன்றாவது, அச்சையும் பேரிங்கையும் நோக்குதல். இடமில்லையென்று இடைத்தகடு வைத்துச் சக்கரத்தை வெளியே தள்ளுவோர் உளர். இவ்வண்டியில் அரை அச்சே சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதன் முனையே சக்கரத்தைத் தாங்கவும் செய்கிறது. வெளியே தள்ளுந்தோறும் அம்முனையை வளைக்கும் விசை பெருகும். அச்சு ஒடிந்தால் சக்கரமே கழன்று ஓடிவிடும்.

இம்மூன்றும் முடிந்த பின்னரே டயர் கடைக்குச் செல்ல வேண்டும். அப்பொழுதும் ஓரிரு படி அகலமே போதுமானது.

இன்னொரு செய்தியும் உண்டு. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, வண்டியைச் செய்தவர் வகுத்த விவரங்களினின்று பதிவுச் சான்றிதழ் மாறுபடும்படி வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது. வேலையைத் தொடங்குமுன் பதிவு அலுவலகத்தில் விசாரித்துக்கொள்வது நலம்.

இவ்வளவும் எழுதி முடித்து, கைப்பிரதியை அவ்விளைஞரிடம் காட்டினோம். நெடுநேரம் படித்தபின் அவர், "அப்படியானால் இப்போதுள்ள டயருக்கு வயது என்ன என்று முதலில் பார்க்கிறேன், அண்ணா" என்றார். டயரின் பக்கவாட்டில் பொறித்திருந்த எண்ணைப் படித்ததில், அவை பத்தாண்டைக் கடந்தவை என்று தெரியவந்தது. அதே அளவில் புதிய டயர்கள் நான்கு வாங்கியிருக்கிறார். பின்புற ஜாயிண்டுகளையும் சோதிக்கக் கொடுத்திருக்கிறார். அகலத்தைப் பற்றிய பேச்சை ஆடும் வில் கிடைக்கும்வரை ஒத்தி வைத்திருக்கிறார். வரும் ஞாயிறன்று அவ்வண்டியில் கோயிலுக்கு வருமாறு நமக்கும் அழைப்பு வந்திருக்கிறது. மனநிறைவோடு ஏறிச் செல்வோம்.

டயரின் பக்கவாட்டில் உள்ள அவ்வெண்ணைப் படிக்கும் முறையை அடுத்த திங்களில் விளக்குவோம்.