வெயிலின் மேல் பழி

கத்திரி தொடங்கிவிட்டால் போதும். நாற்கரச் சாலைக்காக வெட்டியதுபோக மிஞ்சிய புளியமரங்களுக்குக் கீழே பைக்குகள் நிற்க ஆரம்பித்துவிடும். வாலாஜாவிலிருந்து வேலூர் போகிற வழியில் மே மாத மத்தியானம் ஒரு வண்டி நின்றால், அதற்கான தீர்ப்பு முன்பே எழுதியாகிவிட்டது: "இன்ஜின் ஹீட்டாயிடுச்சு. ஆறினா சரியாயிடும்." டீக்கடைக்காரர் சொல்கிறார், வழியில் போகிறவர் சொல்கிறார், சில மெக்கானிக்குகளும் சொல்கிறார்கள். காய்ச்சல் என்று சொல்லிவிட்டு, என்ன காய்ச்சல் என்று பார்க்காமலே எழுந்து போகிற வைத்தியம் இது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். காற்றால் குளிரும் இன்ஜினில் சிலிண்டர் ஹெட் 150 டிகிரியை ஒட்டி ஓடுவது சாதாரணம். வெளிக்காற்று 30 டிகிரி என்றால் இரண்டுக்கும் இடைவெளி 120. வெளியே 42 டிகிரி என்றால் 108. இன்ஜினைச் சுற்றியுள்ள ஃபின்கள் வெளியே தள்ளும் வெப்பம் இந்த இடைவெளியைப் பொறுத்தது. ஆக, கொடும் வெயிலில் குறைவது பத்தில் ஒரு பங்குதான். அதை ஈடுகட்ட இன்ஜின் இன்னும் கொஞ்சம் கூடுதல் சூட்டில் ஓடும், அவ்வளவே. அதற்காக நின்றுபோகாது. உண்மையில் ஃபின்னுக்கு வேண்டியது காற்றோட்டம். வெயிலில் 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிற வண்டியைவிட, சென்னை நெரிசலில் முதல் கியரில் ஊர்கிற வண்டிதான் அதிகம் தவிக்கிறது. ஃபின்களுக்கிடையே காய்ந்த சேறு அப்பியிருக்க, கிராஷ் கார்டில் இரண்டு பையையும் கட்டித் தொங்கவிட்டு ஓட்டுகிறவர் சூரியனைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

"அரை மணி நேரம் ஆறவிட்டேன், ஒரே கிக்கில் ஸ்டார்ட் ஆச்சே?" இதைத்தான் எல்லோரும் ஆதாரமாக நீட்டுகிறார்கள். இது எதற்கும் ஆதாரமில்லை. பல்சர் காயிலை எடுத்துக்கொள்ளுங்கள். மேக்னட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எப்போது ஸ்பார்க் வர வேண்டும் என்று சொல்கிற சிறிய காயில். உள்ளே மெல்லிய செம்புக் கம்பி. கம்பி எங்கேயாவது விரிசல் கண்டிருந்தால் சூட்டில் விரிந்து தொடர்பு அறும். ஆறினால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். பெட்ரோல் டேங்க் மூடியில் காற்று நுழைய ஒரு நுண்ணிய துளை உண்டு. அது தூசியில் அடைத்தால், பெட்ரோல் குறையக் குறைய டேங்குக்குள் வெற்றிடம் உருவாகி கார்பரேட்டருக்குப் பெட்ரோல் இறங்காது. நிறுத்தி வைத்தால் எப்படியோ காற்று கசிந்து உள்ளே போய்விடும். வண்டி மறுபடி ஓடும். இரண்டிலுமே ஓய்வு குணப்படுத்தியதுபோல் தோன்றும். இரண்டிலும் கோளாறு அப்படியே இருக்கும். அடுத்த நாற்பது கிலோமீட்டரில் மறுபடி படுத்துக்கொள்ளும்.

மூன்றாவது காரணத்துக்கு நம் காதுகள்தான் பொறுப்பு. டேப்பெட் லேசாகச் சத்தம் போட்டாலே நமக்குப் பொறுக்காது. "சத்தம் வராம டைட் பண்ணுங்க" என்று நாமே கேட்டு வாங்குகிறோம். டேப்பெட்டுக்கும் வால்வுக்கும் இடையிலான இடைவெளி வேண்டிய அளவுக்குக் கீழே போனால், இன்ஜின் சூடாகி வால்வு நீளும்போது எக்ஸாஸ்ட் வால்வு முழுதாக மூடாது. கம்ப்ரஷன் கசியும், சூட்டில் ஸ்டார்ட் ஆகாது, நாளடைவில் வால்வு கருகும். சத்தமில்லாத டேப்பெட்டை நல்ல டேப்பெட் என்று நம்புவது, ஒரு பிழை இன்னொன்றுக்குத் துணைபோவதற்கு நல்ல உதாரணம்.

நின்ற வண்டிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர்களைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. கொதிக்கிற உலோகம் ஓரிடத்தில் மட்டும் சட்டென்று சுருங்கினால் பிளக்கின் பீங்கான் விரிசல் விடலாம், ஹெட் வளையலாம். பிளக் குழிக்குள் தண்ணீர் நின்றால் புதிதாக ஒரு மிஸ்ஸிங்.

நிஜமான ஓவர்ஹீட் இல்லவே இல்லை என்று சொல்லவில்லை. அதன் முகம் வேறு: இழுவை படிப்படியாகக் குறையும், ஏற்றத்தில் நாக்கிங் கேட்கும், எண்ணெய் கருகும் வாடை வரும். பெரும்பாலும் அதன் மூலமும் வெயில் அல்ல, ஆயில்தான். 100 சிசி வண்டிகள் பலவற்றில் மொத்த ஆயிலே ஒரு லிட்டரை ஒட்டித்தான். அதில் முந்நூறு மில்லி எரிந்துபோனால் மூன்றில் ஒரு பங்கு காலி. ஆயில் மாற்றிவிட்டு அடுத்த சர்வீஸ் வரை அளவே பார்க்காதவர்கள் எத்தனை பேர்! ரேடியேட்டர் உள்ள வண்டி என்றால் ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள். சூட்டில் ரேடியேட்டர் மூடியை மட்டும் திறக்காதீர்கள்.

அதனால் வண்டி நின்றதும் நிழலில் ஒதுக்கி, ஆறுவதற்கு முன்பே சோதியுங்கள். சூடு தணிந்தால் தடயமும் போய்விடும். முதலில் டேங்க் மூடி: திறக்கும்போது காற்று உள்ளே இழுபட்டு, உடனே வண்டி கிளம்பினால் குற்றவாளி மூடிதான். வெயிலில் ஆவி வெளியே சீறுவது வேறு, அது இயல்பு. மூடியை மறுபடி இறுக்கிவிட்டு, கையில் துணி சுற்றி பிளக்கைக் கழற்றி, அதன் கேப்பில் மறுபடி செருகி, டேங்கிலிருந்து தள்ளி, இன்ஜின் உலோகத்தில் அழுத்திப் பிடித்துக் கிக் அடியுங்கள். ஸ்பார்க் இல்லையென்றால் பிளக், காயில், இக்னிஷனை இயக்கும் சி.டி.ஐ. பெட்டி என்று வரிசையாகத் தேடலாம். ஸ்பார்க் இருந்தால் பெட்ரோலையும் டேப்பெட்டையும் பாருங்கள்.

மெக்கானிக்கிடம் வண்டியை இரவில் விட்டுவிட்டு வந்தால் மறுநாள் காலை, ஆறிய வண்டியில், எல்லாம் சரியாகத்தான் இருக்கும். ஓட்டிச் சூடேற்றியபடியே கொண்டுபோய் பல்சர் காயிலை மல்டிமீட்டரில் அளக்கச் சொல்லுங்கள். அதற்குள் ஆறிவிட்டால், தலைமுடி காயவைக்கிற டிரையரைக் காயில்மேல் காட்டி மறுபடி அளக்கலாம். ஆறிய நிலையில் ஒழுங்காக ஓம் காட்டிய காயில் சூட்டில் அளவே காட்டாமல் போனால், மாற்ற வேண்டியது அதைத்தான்.