றெக்கை முளைச்ச மனுஷனும் எங்க வயல் எலியும்

போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ சுத்திச்சு. பாண்டி டவுன்ல பிரெஞ்சுக்காரங்க காலத்துப் பழைய வீடு ஒண்ணு. பரண் மேல வெள்ளையா ஏதோ நிமிர்ந்து நிக்குது. மனுஷ மூஞ்சி, கருப்புக் கண்ணு, தோள்ல றெக்கை. "பறக்கும் மனிதன்"னு தலைப்பு. கடைசியில ஒருத்தர் கம்போட ஏணியில ஏறுறார், அதோட வீடியோ முடியுது.

அது கூகை. பாகூர் பக்கம் நெல்லு போடுறவனுக்கு அந்த மூஞ்சி தெரியாம இருக்குமா?

பயப்படுறவங்களைத் திட்டவும் மனசு வரலை. மத்த பறவைக்குக் கண்ணு பக்கத்துக்கு ஒண்ணா இருக்கும், கூகைக்கு ரெண்டும் நம்மள மாதிரி முன்னாடி. காலும் நீளம். றெக்கையை விரிச்சா மூணு அடி, அடிப்பக்கம் பூரா வெள்ளை. இறகோட ஓரம் சீப்புப் பல் மாதிரி இருக்கிறதால பறக்கும்போது சத்தமே வராது. தலைக்கு மேல வந்தப்புறம் கிரீச்னு ஒரு அலறல். வெள்ளைச் சேலை கட்டின மோகினி பறந்து போனான்னு எங்க பாட்டி சொன்னது பொய்யில்லை, அவங்க பார்த்தது இதைத்தான்.

2017-ல விசாகப்பட்டினத்துல, கட்டிக்கிட்டிருந்த கட்டடம் ஒண்ணுல மூணு கூகைக் குஞ்சைப் பார்த்துட்டு வேற்றுக்கிரகவாசின்னு உலகம் பூரா பரப்பினாங்க. அமெரிக்காவுலயும் இதே கதைதான். 1966-ல பாயிண்ட் பிளசன்ட்னு ஒரு ஊர்ல சிவப்புக் கண்ணோட றெக்கை மனுஷனைப் பார்த்ததாச் சொன்னாங்க. ஆந்தையா இருக்கும்னு சொன்னவங்களும் உண்டு. அடுத்த வருஷம் டிசம்பர்ல அங்க பாலம் இடிஞ்சு 46 பேர் செத்தாங்க. இரும்புல விழுந்த விரிசல்தான் காரணம்னு விசாரணையில தெரிஞ்சுது. ஆனா பழி அந்த றெக்கை மேல.

நாமளும் சாக்குருவி கத்தினா சாவு விழும்னுதான் சொல்றோம். நோயாளி இருக்கிற வீட்டுல ராத்திரி எல்லாரும் முழிச்சிருப்பாங்க, மத்த நாள் தூக்கத்துல கேக்காத சத்தம் அன்னைக்குக் கேக்கும். அவ்வளவுதான்.

ஆனாலும் அந்தப் பழைய பயமே தேவலைங்கிறேன். அப்பெல்லாம் சத்தம் கேட்டா கதவைச் சாத்திக்கிட்டு உள்ள இருப்பாங்க, பறவை தப்பிச்சுது. இப்ப போனைத் தூக்கிக்கிட்டு வெளிய ஓடுறோம், கையில கம்பு வேற. இத்தனைக்கும் பெருமாள் கோயில்ல கருடாழ்வாரைக் கும்பிடுறோம், மாதா கோயில்ல சம்மனசுக்கு மெழுகுவத்தி ஏத்துறோம். பரண்ல இருக்கிறதை மட்டும் அடிக்கணுமாம்!

அதுக்குக் கணக்குக் கட்டுறது நாங்க. கூகைக்குச் சாப்பாடே எலிதான், குஞ்சு பொரிச்ச நேரத்துல ராத்திரி பூரா பிடிச்சுக்கிட்டு வரும். தஞ்சாவூர் கிட்டி வச்சா கூலி ஆகுது. மருந்து வச்சா, மருந்து தின்ன எலியைத் தின்னு கூகையும் சாகுது. அதனால மருந்தை விட்டுட்டு வயல்ல டி மாதிரி குச்சி நட்டிருக்கேன், ராத்திரி வந்து உக்காருது. டவுன்ல கூடு கலைஞ்சா ராத்திரி இங்க வர்றதுக்கு ஆள் இருக்காது.

குஞ்சு பறக்க ரெண்டு மாசம் போதும். அதுவரைக்கும் பரணைத் தொடாம இருக்கலாம், முடியலைன்னா வனத்துறைக்குச் சொல்லலாம். 1972 சட்டப்படி ஆந்தையை அடிச்சாக் குத்தம்.

அந்த வீடு எந்தத் தெருன்னு தெரிஞ்சவங்க எனக்குச் சொல்லுங்க. வீட்டுக்காரங்களைப் பார்த்துப் பேசணும்.