துவைகல்லைப் பழிப்பதா?

தமிழ் எழுத்தாளர்கள் கூடி வெளியிடும் கட்டுரைத் தொகுப்பில் சலவைப் பொறிக்கு என்ன இடம் என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். அம்முகச் சுளிப்பை எதிர்த்தே இதனை எழுதுகின்றேன். துணி வெளுப்பது அறிவு வேண்டாத வேலை, அதனை ஆராய்வது வேறு யாருடைய கடமையோ, தமிழ் வகுப்பில் அதைப் பேசுவது நேரக்கேடு என்னும் மனப்பான்மை நம்மிடையே ஆழ வேரூன்றியிருக்கின்றது. அதன் விளைவு யாது? நம் முன்னோர் கைகளிலும் நம் மொழியின் சொற்களிலும் சேர்ந்து கிடந்த தொழிலறிவு ஒன்று, பிறர் வந்து அதன் பயனைக் காட்டும் வரை நம் கண்ணிற் படவே இல்லை.

குறுந்தொகையின் 330ஆம் பாட்டை ஆசிரியர்கள் அறிவர். கழார்க் கீரன் எயிற்றியன் பாடியது. பகன்றைப் பூவின் அரும்பவிழ்ந்த தோற்றத்துக்கு, நீரில் இட்ட வெள்ளாடையின் பருத்த முறுக்கு அங்கே உவமையாக வருகின்றது. நாம் என்ன நடத்துகின்றோம்? பூவின் வெண்மையை நடத்துகின்றோம். மாலைப் பொழுதின் தனிமையை நடத்துகின்றோம். உவமையின் வகையைக் கரும்பலகையில் எழுதிப் போடுகின்றோம். அந்த ஆடை அங்கே எப்படி வந்தது என்று எந்த மாணவரேனும் கேட்டதுண்டா? ஆடை வெளுக்கும் பெண் அதனைக் கஞ்சிப் பசையில் தோய்த்தாள். எடுத்து முதல் அடி அடித்தாள். பின்னர்க் குளிர்ந்த குளத்தில் இட்டாள். முறுக்கு இன்னும் பிரியவில்லை. ஒரு தொழிலின் படிமுறையைப் புலவர் நேரில் நின்று கண்டு பாடியிருக்கின்றார். புறநானூற்றின் 311ஆம் பாட்டில் ஔவையார், அத்தொழிலுக்குரிய நீர் களர் நிலத்துக் கிணற்றிலிருந்து வந்ததையும் குறித்திருக்கின்றார். களர் மண்ணின் உவர் எண்ணெய்ப் பசையை இளக்கவல்லது என்பதை அக்காலத்துப் பெண்கள் அறிந்திருந்தனர் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? குறுந்தொகைப் புலவர் அப்பெண்ணை நல்லியல்பும் அழகும் உடையவள் என்று அடைகொடுத்துப் போற்றினார். பிற்காலத்தார் அவள் குலத்தைத் தெருக்கோடியில் நிறுத்தினர். கவிதையை மனப்பாடம் செய்துவிட்டு அவள் கையின் அறிவைக் கைவிட்டது நம் கல்வி.

மேலைநாட்டார் இதனை எங்ஙனம் அணுகினர் என்று பார்ப்போம். ஜெர்மனியின் ஹென்கெல் நிறுவனத்தைச் சேர்ந்த ஹெர்பர்ட் சின்னர் என்பார் 1959இல் ஒரு வட்டத்தை நான்கு கூறாகப் பகுத்துக் காட்டினார். வேதிப்பொருள், வெப்பம், காலம், இயக்கவிசை ஆகிய நான்கும் சேர்ந்தே அழுக்கை நீக்குகின்றன. ஒன்றைக் குறைத்தால் மற்றவற்றைக் கூட்டியாக வேண்டும். சலவைத் தொழிற் கல்வியில் இன்றும் கற்பிக்கப்படும் பாடம் இது. நம் ஊர்த் துறையில் நடந்ததை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உவர்மண் வேதிப்பொருள், வெள்ளாவி வெப்பம், இரவெல்லாம் ஊறுவது காலம், துவைகல் இயக்கவிசை. வட்டத்தில் ஒரு கூறும் குறையவில்லை. வட்டத்தை வரைந்தவருக்குப் பெயர் இருக்கின்றது. அதனை நாள்தோறும் நடத்திக் காட்டியவருக்கு நாம் இட்டது வசைப்பெயர்.

அந்நான்கில் இயக்கவிசையே இன்றைய பொறிகளில் நலிந்து நிற்கின்றது என்பது என் வாதம். முன்புறம் திறக்கும் சலவைப் பொறியின் உள்ளே சுழலும் உருளை ஏறத்தாழ 50 செ.மீ. விட்டமுடையது எனக் கொள்வோம். அதனுள் இருக்கும் மேடுகள் துணியை மேலே தூக்கிக் கீழே விழச் செய்கின்றன. உருளை நிமிடத்துக்கு 60 சுற்றை எட்டிவிட்டால் துணி சுவரோடு ஒட்டிக்கொள்ளும், விழவே விழாது. ஆகவே அதற்குச் சற்றுக் குறைவான வேகத்திலேயே சுழற்றுகின்றனர். துணி விழும் உயரம் மிஞ்சினால் 40 செ.மீ. கல்லில் அடிப்பவர் கையிலோ, துணி தலைக்கு மேல் எழுந்து முழங்கால் உயரக் கல்லில் வந்து விழுகின்றது. அஃது ஏறத்தாழ 160 செ.மீ. இறக்கம். தோள் தரும் விசையைக் கணக்கிலேயே சேர்க்காவிடினும், விழுகின்ற ஆற்றல் நான்கு மடங்கு. பொறி இக்குறையை எண்ணிக்கையால் ஈடுகட்ட முயல்கின்றது. நூற்றுக்கணக்கான சிற்றடிகளை ஒரு மணி, இரண்டு மணி என்று அடித்துக்கொண்டே இருக்கின்றது. ஆணியை ஆயிரம் முறை விரலால் தட்டினாலும் அது சுவரில் இறங்குமா?

அடியின் பயன் துணியை வதைப்பதில் இல்லை. நெய்த துணியில் நூலுக்கும் நூலுக்கும் இடையே உள்ள சந்துகளில் நீர் எளிதாக ஓடும். நூலின் உட்புறத்தில், இழைகளுக்கு நடுவே, நீர் ஏறத்தாழத் தேங்கியே நிற்கும். அங்கே சிக்கிய அழுக்கை வெளியேற்ற வேண்டுமாயின் நூலை நெருக்கி உள்நீரைப் பிதுக்க வேண்டும். பிறகு தளர்த்திப் புதுநீரை உறிஞ்சவிட வேண்டும். நெருக்கு, தளர்த்து, மீண்டும் நெருக்கு. கல்லில் விழும் துணி ஒரு நொடியில் இதனைச் செய்துவிடுகின்றது. ஓடுநீரில் அலசுவதற்கும் காரணம் உண்டு. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தோரும் யூனிலீவர் ஆய்வாளரும் இணைந்து 2018இல் வெளியிட்ட ஆய்வு, சோப்பு ஊறிய துணியைத் தூயநீரில் இடும்போது உள்ளுக்கும் வெளிக்கும் உண்டாகும் செறிவு வேறுபாடே நுண்துகள்களை வெளியே இழுக்கின்றது என்று காட்டிற்று. அலசுவது சோப்பைப் போக்க மட்டுமே என்று எண்ணியிருந்தோர்க்கு அது புதுச்செய்தி. ஆற்றங்கரையில் நின்றவர்க்கு அது நாள்வேலை.

கைகளின் அறிவைப் பொறியினுள் புகுத்த முயன்றவர் இல்லாமற் போகவில்லை. பிரிட்டனின் ஜேம்ஸ் டைசன், கையால் 15 நிமிடம் துவைத்த துணி, நெடுநேரம் ஓடிய பொறியில் வெளுத்ததைவிடத் தூய்மையாக இருந்ததாகத் தம் ஆய்வில் கண்டதாகச் சொன்னார். அதன்வழிப் பிறந்தது 2000ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த கான்ட்ராரொட்டேட்டர் என்னும் பொறி. அதன் உருளை நடுவே இரண்டாகப் பிரிந்தது. ஒரு பாதி வலஞ்சுழலும்போது மறுபாதி இடஞ்சுழலும். இடையே அகப்பட்ட துணி, இரு கைகளுக்கு நடுவே அகப்பட்டதுபோல் மடங்கிக் கசங்கி விரியும். கருத்து செம்மையானது, விலையோ மிகுதி. 2005இல் அதனை நிறுத்திவிட்டனர். வணிகத்தில் தோற்றதால் கருத்தும் தோற்றது என்று கொள்வது பிழை.

இனி நம் ஊருக்கு வருவோம். அதே டைசன் நிறுவனம் தன் தலைமையகத்தைச் சிங்கப்பூருக்கு மாற்றுவதாக 2019இல் அறிவித்தது. 1927இல் எழுந்த செயின்ட் ஜேம்ஸ் மின்நிலையக் கட்டடத்தில் 2022இல் அது திறக்கப்பட்டது. அதன் அருகே உள்ள ஹார்பர்ஃபிரண்ட் நிலையத்தில் வடகிழக்குத் தட வண்டியில் ஏறினால், நான்காவது நிறுத்தம் டோபி காட். ஐந்தாவது லிட்டில் இந்தியா. டோபி காட் என்றால் வண்ணாந்துறை. இன்று ஸ்டாம்ஃபர்ட் கால்வாய் என்று மூடப்பட்டுக் கிடக்கும் ஓடையில் இந்தியச் சலவைத் தொழிலாளர் துணி வெளுத்து, சுற்றியிருந்த புல்வெளியில் உலர்த்திய இடம் அது. 1987 டிசம்பரில் அங்கே நிலையம் திறக்கப்பட்டு, இன்று மூன்று தடங்கள் சந்திக்கின்றன. நாள்தோறும் நம் மாணவர்கள் அங்கே வண்டி மாறுகின்றனர். பெயருக்குப் பொருள் கேட்டால் எத்தனை பேர் சொல்வர்? சொல்பவரும் வரலாற்றுத் துணுக்காகச் சொல்வரேயன்றி, அங்கே ஒரு தொழில்நுட்பம் வாழ்ந்தது என்று சொல்வாரா?

இன்னும் நெஞ்சைச் சுடும் செய்தி ஒன்று உண்டு. டைசன் நிறுவனத்தில் முன்பு பணியாற்றிய நவ்ஜோத் சாஹ்னி என்னும் பிரிட்டிஷ் சீக்கியப் பொறியாளர், அடுப்புகளை மேம்படுத்தும் பணிக்காகத் தமிழ்நாட்டுக்கு வந்து, ஆரோவில்லை அடுத்த குயிலாப்பாளையத்தில் தங்கினார். அண்டை வீட்டுப் பெண் நாள்தோறும் கையால் துணி துவைத்து அல்லற்படுவதைக் கண்டார். அவருக்கொரு பொறி செய்து தருவதாக வாக்களித்தார். 2018இல் அதற்கென ஓர் அமைப்பையே தொடங்கி, மின்சாரம் வேண்டாத, கையால் சுழற்றும் சலவைப் பொறியை உருவாக்கினார். கழுவிய கீரையின் நீரைச் சுழற்றி உதறும் மேலைநாட்டுச் சமையற்கருவி அதற்கு முன்மாதிரி. அப்பெண்ணின் பெயராகிய திவ்யா என்பதே பொறிக்கும் பெயர். ஈராக்கின் அகதி முகாம்கள் வரை அது சென்றிருக்கின்றது. அவரை நான் மனமார வாழ்த்துகின்றேன். ஆனால் குயிலாப்பாளையத்தைச் சுற்றி எத்தனை பள்ளிகள், எத்தனை கல்லூரிகள், எத்தனை தமிழ் மன்றங்கள்! தமிழ்ப் பெண்ணின் முதுகுவலியைப் பொறியியற் சிக்கலாகக் காண்பதற்கு இலண்டனிலிருந்து ஒருவர் வரவேண்டியிருந்தது. நாம் அதனைத் தலைவிதியாகக் கண்டோம்; சிலர் கற்பின் அணியாகவும் கண்டனர்.

மொழியாசிரியர்களை நான் விடாது பற்றுவதற்குக் காரணம் இருக்கின்றது. துணி வெளுப்பதற்குத் தமிழில் எத்தனை வினைகள்! தோய்த்தல், ஊறவைத்தல், கும்முதல், கசக்குதல், தப்புதல், புடைத்தல், அலசுதல், பிழிதல், முறுக்குதல், உதறுதல். இவற்றை ஒருபொருட் பன்மொழி என்று கூறி ஒதுக்குவது பேதைமை. கும்முவது உள்ளங்கையால் மெல்ல அமுக்கி அமுக்கி விடுவது. பட்டுக்கும் கைக்குழந்தையின் துணிக்கும் உரியது. கசக்குவது துணியைத் துணியோடு உரசுவது. சட்டைக் கழுத்துக்கு உரியது. தப்புவது கல்லில் அடிப்பது. முரட்டுப் பருத்திக்கு உரியது. ஒவ்வொரு வினையும் ஒரு தனி அசைவு. ஒவ்வோர் அசைவுக்கும் ஏற்ற துணி உண்டு. கொரியாவின் எல்ஜி நிறுவனம், கைத்துவைப்பை ஒத்த ஆறு அசைவுகள் என்று சொல்லித் தன் பொறிகளை உலகெங்கும் விற்கின்றது. நம் அகராதியில் உறங்கும் வினைகளை அடுக்கியிருந்தால் ஆறுக்கு மேலும் கிடைத்திருக்கும். சலவைத் தொழிலாளியை ஈரங்கொல்லி என்று அழைத்த மொழியன்றோ இது! ஈரத்தைக் கொல்வோர் என்று பெயரிட்டவர்க்கு, உலர்த்துவதே தொழிலின் கடினமான பாதி என்பது தெரிந்திருக்கின்றது. மழை விடாமையால் அடியவரின் ஆடையை உலர்த்தித் தர இயலாது, துவைகல்லிலேயே தலையை மோதிக்கொண்ட திருக்குறிப்புத் தொண்டர் சிங்கப்பூரின் டிசம்பர் மாதத்தைக் கண்டிருந்தால் என்ன செய்திருப்பாரோ!

பொறிகளைச் சோதிக்கும் முறையிலும் நம் வாழ்வுக்கு இடமில்லை. அனைத்துலக மின்னியல் தர அமைப்பின் 60456 எண் தரநூல்படி, சோதனைக்கு இடும் பருத்திச் சுமை படுக்கை விரிப்பும் தலையணை உறையும் கைத்துண்டும். கறைகளாக ஏற்பன கரி கலந்த எண்ணெய், தோற்கொழுப்பு, குருதி, கொக்கோ, சிவப்புத் திராட்சை மது. ஐந்தரை மீட்டர்ச் சேலை எங்கே? எட்டு முழ வேட்டி எங்கே? நீண்ட துணி உருளையில் சுழலும்போது கயிறாக முறுக்கிக்கொள்கின்றது. வெளிச்சுற்று உராய, உட்சுற்று ஊறியபடியே கிடந்து அழுக்கோடு வெளிவருகின்றது. சிராங்கூன் சாலைச் சேலைக் கடைகளையும் தேக்கா சந்தையின் மசாலாக் கடைகளையும் ஒருமுறை சுற்றி வந்தவர், மஞ்சளும் நல்லெண்ணெயும் இல்லாத கறைப்பட்டியலை ஒப்புவரா? மஞ்சட் கறையை எந்த அடியும் முற்றும் போக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சோப்பின் காரம் பட்டால் அது சிவக்கும். வெயில் பட்டால்தான் மங்கும். அவ்வகையில் வீவக வீட்டுச் சன்னலுக்கு வெளியே நீட்டிய மூங்கிற்கழியும் சலவைப் பொறியின் ஒரு பாகமே.

கல்லடி துணியைக் கிழிக்கும், பொத்தானை நொறுக்கும் என்பார் உளர். மெய்தான். பொறிக்குள் கல்லை வைக்குமாறு நான் கேட்கவில்லை. மடக்கி நெருக்கித் தளர்த்தும் அசைவைக் கேட்கின்றேன். அது கல்லின்றியும் கூடும் என்பதைச் சுழல்மாறும் இரட்டை உருளை காட்டிவிட்டது. நொதிப்பொருள் கலந்த தூள் வந்தபின் விசை எதற்கு என்பார் வேறு சிலர். வேதிப்பொருளைக் கூட்டினால் அதனை அலசுவதற்கு நீரும் கூடும். ஜொகூருடன் 1961இல் செய்த நீர் ஒப்பந்தம் 2011இல் முடிந்து, கழிவுநீரைத் தூய்மையாக்கிப் புதுநீராக்கும் நாட்டில், பொறியின் மீது நீர்ச்சிக்கன முத்திரை ஒட்டி விற்கும் நாட்டில், விசையைப் புறக்கணித்து வேதியை நம்புவது எவ்வகைச் சிக்கனம்? பழைய சாதித் தொழிலைப் புகழ்கிறீர்களா என்று சினப்போரும் இருப்பர். எவரையும் பிறப்பைக் காட்டித் துறைக்கு அனுப்பிய கொடுமையை நான் புகழவில்லை. அக்கொடுமையே அவ்வறிவு ஏட்டில் ஏறாமல் தடுத்தது. தொழிலை விட்டு அவர் மக்கள் வெளியேறியது நன்று; அவர்தம் அறிவைக் குறித்து வைக்காமல் மற்றையோர் வாளாவிருந்ததே குற்றம்.

தமிழாசிரியர்கள் ஒரு வாரம் ஒதுக்கட்டும். உயர்நிலை மாணவர்கள் ஒரே பருத்தித் துணியை ஆறு துண்டாக நறுக்கி, ஒரே எண்ணெய்க் கரியைத் தடவி, ஒரே அளவு சோப்பும் நீரும் கொண்டு, பத்து நிமிடம் வெவ்வேறாகச் செய்யட்டும். ஒன்றை ஊறவைக்க, ஒன்றைக் கும்ம, ஒன்றைக் கசக்க, ஒன்றைத் தப்ப, ஒன்றை வீட்டுப் பொறியில் இட, ஒன்று கறையோடே இருக்கட்டும். உலர்ந்தபின் ஆறையும் ஒரு வெள்ளைத் தாளில் ஒட்டி, ஒவ்வொன்றின் கீழும் அதற்குரிய வினைச்சொல்லை எழுதி, பாட்டியிடமோ அண்டை வீட்டு மூதாட்டியிடமோ காட்டி, விடுபட்ட சொல் எதுவென்று கேட்டு வரட்டும். குறுந்தொகை 330ஐ அதற்கு மறுநாள் நடத்தலாம்.