முதல் பணம்

இன்ஷ்யூரன்ஸ் என்றதும் எல்லோரும் பாலிஸிதாரருக்காகக் கவலைப்படத் தொடங்கிவிடுகிறார்கள். நியாயந்தான். பாரத் இன்ஷ்யூரன்ஸ் கம்பெனியில் 2 கோடி ரூபாய்க்கு மேல் கையாடப்பட்ட கதை 1955-ல் பார்லிமெண்டில் அடிபட்டது. ராமகிருஷ்ண டால்மியாவின் தண்டனையை 1962-ல் சுப்ரீம் கோர்ட் உறுதி செய்தது. அந்தப் பயம் இன்னும் நம்மை விடவில்லை. ஆனால் கம்பெனி பிறக்கு முன்பே பணத்தைக் கொடுத்துவிட்டு, பிரசவ அறைக்கு வெளியே உலாவுகிறாரே முதல் பங்குதாரர், அவரை யார் நினைக்கிறார்கள்?

"லாபத்துக்கு ஆசைப்பட்டவர், நஷ்டமும் படட்டும்" என்பார்கள் கெட்டிக்காரர்கள். வியாபாரம் நடந்து நொடித்தால் படட்டும். கடை திறக்கு முன்பே முதல் கரைந்தால்?

சோப்புக் கம்பெனியானால் பணம் சேர்ந்ததும் சோப்புக் காய்ச்சலாம். இன்ஷ்யூரன்ஸில் அது நடக்காது. 1938-ஆம் வருஷத்துச் சட்டப்படி, பதிவுச் சான்றிதழ் இல்லாமல் ஒரு பாலிஸிகூட விற்க முடியாது. ஒழுங்குமுறை ஆணையம் மூன்று கட்டமாகச் சலித்துப் பார்த்துத்தான் அதைக் கொடுக்கும்; மறுத்தாலும் மறுக்கும். அதுவரை ஆபீஸ் வாடகையும் நிர்வாகியின் சம்பளமும் ஆலோசகரின் கட்டணமும் யார் தலையில்?

2013-ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டம் ஒரு பூட்டுப் போட்டிருக்கிறது. குறிப்பிட்ட சிலரிடம் மட்டும் பங்குப் பணம் திரட்டினால் அதைத் தனி பாங்குக் கணக்கில் வைக்க வேண்டும். 60 நாளில் பங்கு ஒதுக்காவிட்டால் அடுத்த 15 நாளில் திருப்ப வேண்டும். தவறினால் 100-க்கு 12 வட்டி. நல்ல பூட்டுத்தான். ஆனால் பங்கை ஒதுக்கி, ரிஜிஸ்திராருக்குக் கணக்கு அனுப்பியதும் அது திறந்துகொள்கிறது. சான்றிதழ் வந்ததா என்று கேட்பதில்லை!

பணம் கரையும் என்பது சட்டத்துக்குத் தெரியாதா? 100 கோடி மூலதனத்தைக் கணக்கிடும்போது ஆரம்பச் செலவுகளைத் தள்ளிவிடும்படி அதுவே சொல்கிறது. பாலிஸிதாரருக்கு 100 கோடியும் குறையாமல் நிற்க வேண்டுமாம். தள்ளிய தொகை நம் முதல் பங்குதாரருடையது. பங்கை விற்றுவிட்டு ஒதுங்கலாம் என்றால், பிறக்காத கம்பெனியின் பங்கை வாங்க எந்தப் பைத்தியம் வரும்?

நான் கேட்பது இதுதான். சான்றிதழ் கைக்கு வரும்வரை வெளியார் பணம் பாங்கை விட்டு நகரக்கூடாது. மூலதனம் இருப்பதைக் காட்டத்தானே பணம்? பூட்டிக் கிடந்தால் இன்னும் நன்றாகத் தெரியும். ஆரம்பச் செலவைத் தொடங்குகிறவர்கள் தங்கள் பையிலிருந்து செய்து, சான்றிதழ் வந்தபின் கணக்குக் காட்டி எடுத்துக்கொள்ளட்டும். மறுக்கப்பட்டால் பங்குப் பணம் வட்டியோடு வீடு திரும்பட்டும்.

"அப்படியானால் யாருமே கம்பெனி தொடங்க வரமாட்டார்களே!" என்று ஒரு கூக்குரல் கேட்கும். சொந்தப் பணத்தில் ஒரு வருஷ வாடகை கொடுக்கத் துணியாதவர், ஊரார் ஆயுளுக்கு 30 வருஷம் பொறுப்பேற்கக் கிளம்புவானேன்?