காவல் நிலையப் படியில் ஒரு வழக்கறிஞர்

2024 வரை நடப்பிலிருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 188ஆம் பிரிவு அளவில் சிறியது. அரசு அலுவலர் முறைப்படி பிறப்பித்த ஆணையை மீறியவர்க்கு ஒரு மாதச் சிறை, அல்லது 200 ரூபாய் தண்டம், அல்லது இரண்டும். அம்மீறலால் பிறர் உயிருக்கோ உடல்நலத்துக்கோ ஊறு நேருமாயின் ஆறு மாதச் சிறை, 1,000 ரூபாய் தண்டம். அதன் வலிமை அவ்வளவே. 2020 ஜூன் 19 அன்று மாலை, சாத்தான்குளத்தில் கைப்பேசிக் கடை நடத்திய பென்னிக்ஸ், அவர் தந்தை ஜெயராஜ் ஆகிய இருவர் மீதும் எழுதப்பட்ட வழக்கின் முதற்பிரிவு இதுவே. கொரோனா ஊரடங்கு நேரம் கடந்தும் கடையைத் திறந்து வைத்திருந்தார்கள் என்பது புகார். ஜூன் 22 இரவு மகனும், மறுநாள் காலையில் தந்தையும் கோவில்பட்டி அரசு மருத்துவமனையில் மாண்டனர். பின்னர் புலனாய்வை ஏற்ற சி.பி.ஐ., அவ்விருவரும் ஊரடங்கு விதியை மீறவே இல்லை என்று கூறியது.

நம் வள்ளியூரிலிருந்து சாத்தான்குளம் ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். மாவட்ட எல்லை நடுவே கிடந்தாலும் சந்தையும் சம்பந்தமும் வாய்தாவும் ஒன்றோடொன்று பின்னிய நிலம் இது. கொலைக் குற்றத்தை ஆராய்வது நீதிமன்றத்தின் பணி. நாம் கேட்பது அதற்கு முந்திய கேள்வி. ஆயிரம் ரூபாய்த் தண்டத்துக்குரிய ஒரு குற்றச்சாட்டு, குடிமக்கள் இருவரை இரவெல்லாம் காவல் நிலையத்தில் அடைத்துவைக்கும் அதிகாரமாக எவ்வாறு வளர்ந்தது? அதைத் தடுத்திருக்க வேண்டிய இடங்களில் யார் இல்லாமற் போனார்கள்?

சட்டம் முன்னரே ஒரு வேலியை இட்டிருந்தது. 188ஆம் பிரிவின்கீழ் ஒரு நீதிமன்றம் வழக்கைக் கையில் எடுக்க வேண்டுமாயின், எந்த அலுவலரின் ஆணை மீறப்பட்டதோ அவரோ அவருக்கு மேலுள்ளவரோ எழுத்து வடிவில் முறையிட வேண்டும் என்பது அன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 195ஆம் பிரிவு. இதனைச் சுட்டி, 188இன்கீழ்க் காவல்துறை தானாக முதல் தகவல் அறிக்கை பதிவுசெய்ய இயலாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2018 செப்டம்பரில் ஜீவானந்தம் வழக்கில் தெளிவாகத் தீர்ப்புரைத்தார். ஓராண்டும் சில மாதங்களும் கழித்துப் பெருந்தொற்று வந்தது. அத்தீர்ப்பு மதுரையிலேயே இருந்தது. மாநிலமெங்கும் நிலைய எழுத்தர்கள் 188 என்று எழுதிக்கொண்டே போனார்கள். 2021 பிப்ரவரியில், தேர்தல் நெருங்கிய வேளையில், தென்காசி மாவட்டப் பரப்புரையில் அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி ஊரடங்கு வழக்குகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தபோது வெளிவந்த எண் ஏறத்தாழ 10 லட்சம். பத்து லட்சம் வழக்குகளை ஒரு மேடைப் பேச்சில் கைவிட முடியுமென்றால், அவற்றுள் எத்தனை வழக்குகள் முதல் நாளே எழுதத் தகாதவை என்று எந்த அதிகாரியும் இன்றுவரை விடை சொல்லவில்லை.

வழக்கைவிட எளிதான வழி ஒன்றும் பிறந்தது. 2020 செப்டம்பரில் 1939ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டத்தை அவசரச் சட்டத்தால் திருத்தி, அவ்விடத்திலேயே தண்டம் வாங்கிக் குற்றத்தை முடித்துவைக்கும் முறையை அரசு கொண்டுவந்தது. முகக்கவசம் இல்லையேல் 200 ரூபாய். பொதுவிடத்தில் எச்சில் துப்பினால் 500. இடைவெளி பேணாவிடில் 500. 2022 சனவரியில் முகக்கவசத் தண்டம் 500 ஆயிற்று. முக்கூடலிலும் வள்ளியூர்ச் சுற்றிலும் பீடி சுற்றும் பெண்ணுக்குப் பல நாள்களில் 200 ரூபாய் என்பது முழு நாட்கூலியாக இருந்தது. தொற்றைத் தடுக்க அரசு கடுமை காட்டியதை நாம் பழிக்கவில்லை. சாலையில் நின்ற காவலர்களும் அதே நோய்க்கு இரையானார்கள். ஆயினும் 'ஸ்பாட் ஃபைன்' என்று மக்கள் சொல்லிப் பழகிய அந்த முறையில் குற்றம் சாட்டுபவர், குற்றமென்று முடிவு செய்பவர், பணம் வாங்குபவர் ஆகிய மூவரும் ஒருவரே. மறுத்துப் பேச ஒரு மன்றம் இல்லை. பேசினால் 'பணி செய்யவிடாமல் தடுத்தார்' என்னும் 353ஆம் பிரிவு காத்திருந்தது. அதே காலத்தில் தேர்தல் கூட்டங்களில் முகக்கவசமின்றித் திரண்ட ஆயிரங்களை எந்தச் சலான் புத்தகமும் எட்டவில்லை. இரண்டாம் அலைக்குத் தேர்தல் ஆணையமே பொறுப்பு என்று 2021 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி சஞ்சீப் பானர்ஜி சினந்து கூறியது நினைவிருக்கும்.

பணம் வாங்கும் கையும் அடிக்கும் கையும் ஒன்றாக இருப்பது இந்த மாகாணத்துக்குப் புதிதன்று. கும்பினியார் ஆட்சியில் தாசில்தாரே வரி தண்டினார். அவர் சேவகர்களே காவலும் புரிந்தனர். நிலவரி செலுத்தாத உழவனின் விரல்களைக் கிட்டியில் இட்டு நெரித்தார்கள். கழுத்தையும் கால் விரலையும் கயிற்றால் பிணைத்து வெயிலில் குனிய வைத்தார்கள். 1854இல் இது பிரித்தானிய நாடாளுமன்றத்தில் பேசப்பட, எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்னும் மூவர் கொண்ட சித்திரவதை விசாரணை ஆணையம் சென்னையில் அமைந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் நேரிலும் மடலிலும் முறையிட்டனர். 1855இல் வந்த அறிக்கையின் பயனாக, வருவாய்த் துறையினின்று காவலைப் பிரித்து 1859இன் சென்னை மாகாணக் காவல் சட்டம் பிறந்தது. வருவாய்த் துறையின் கொடுமையிலிருந்து மக்களைக் காக்கவே காவல்துறை தனித்துறையாயிற்று என்பது இன்று வியப்பாகத் தோன்றலாம்.

வரலாறு அதோடு நிற்கவில்லை. 1908 மார்ச்சில் வ.உ.சி. சிறைப்பட்டதை எதிர்த்துத் திருநெல்வேலி கொந்தளித்தபோது, தண்டக் காவற்படை ஒன்றை இறக்கி, அதன் செலவை ஊரார் தலையிலேயே வரியாகச் சுமத்தியது அன்றைய அரசு. பின்னர் 2020 ஜூன் இறுதியில், சாத்தான்குளம் காவல் நிலையத்துக்கு விசாரிக்கச் சென்ற கோவில்பட்டி நீதித்துறை நடுவரை அங்கிருந்த காவலர் ஒருவர் ஒருமையில் இழிவாகப் பேசினார். கண்காணிப்புக் கேமராவின் பதிவுகள் நாள்தோறும் தாமாக அழியுமாறு அமைக்கப்பட்டிருந்ததையும் நடுவர் கண்டார். சான்றுகள் கலையும் என்றஞ்சிய மதுரைக் கிளை நீதிபதிகள் பி.என். பிரகாஷ், பி. புகழேந்தி ஆகியோர், அந்நிலையத்தை வருவாய் அலுவலர்களின் பொறுப்பில் எடுத்துக்கொள்ளுமாறு ஆணையிட்டனர். தாசில்தாரிடமிருந்து மக்களைக் காக்க 1859இல் காவல்துறை. காவல்துறையிடமிருந்து சான்றைக் காக்க 2020இல் தாசில்தார்.

இனி, நம் நெஞ்சை உறுத்தும் இடத்துக்கு வருவோம். ஜூன் 20 அன்று தந்தையும் மகனும் சாத்தான்குளம் நடுவர்முன் கொண்டுசெல்லப்பட்டார்கள். நடுவர் மாடியிலிருந்து பார்த்துக் கைகாட்டி அனுப்பினார் என்றே உடன் சென்றோர் கூறினர். அவர்கள்மீது சாட்டிய பிரிவுகளில் எதற்கும் ஏழாண்டுக்கு மேற்பட்ட சிறை கிடையாது. அத்தகைய வழக்குகளில் கைது தானாக நிகழக்கூடாது, காவலில் அடைக்கும் ஆணையை நடுவர் இயந்திரம்போல் இடக்கூடாது என்று 2014இலேயே அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருந்தது. போதாக்குறைக்கு, தொற்றுக் காலத்தில் சிறைகளின் நெரிசலைக் குறைக்க வேண்டும் என்று 2020 மார்ச்சில் அதே மன்றம் தானாக முன்வந்து ஆணையிட்டிருந்தது. இத்தனைக்கும் பிறகு, நூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள கோவில்பட்டிக் கிளைச் சிறைக்கு இருவரும் அனுப்பப்பட்டனர். அர்னேஷ் குமார் தீர்ப்பின் நகலைக் கையில் பிடித்து, இவர்களின் உடையைப் பாருங்கள், உடலைப் பாருங்கள், மருத்துவச் சான்றை மறுபடி கேளுங்கள் என்று உரத்த குரலில் வாதிடும் வழக்கறிஞர் ஒருவர் அந்நேரம் அந்த முற்றத்தில் நின்றிருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும்? விடை யாருக்கும் தெரியாது. ஆனால் உயிர் காக்கும் வாய்ப்பு கடைசியாக அங்கேதான் இருந்தது. அவர்கள் இறந்தபின் எழுந்த குரல்கள் வலியவை. வணிகர்கள் கடையடைத்தார்கள்; வழக்கறிஞர்கள் வாதிட்டார்கள்; நிலையத்தில் பணியிலிருந்த பெண் தலைமைக் காவலர் ஒருவர் அஞ்சாது வாக்குமூலம் தந்தார். எல்லாம் ஜூன் 23க்குப் பிறகு.

தாமிரவருணிக் கரையில் 2023 மார்ச்சில் வெளிவந்த செய்தியும் இதே பாடத்தைத்தான் மறுபடி கற்பித்தது. அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, விக்கிரமசிங்கபுரம் நிலையங்களுக்கு விசாரணைக்கென அழைத்துச் செல்லப்பட்டவர்களின் பற்களைப் பிடுங்கியதாக உதவிக் கண்காணிப்பாளர் ஒருவர்மீது குற்றச்சாட்டு எழுந்தது. அதை வெளிக்கொணர்ந்தவர்களுள் உள்ளூர் வழக்கறிஞர்கள் முதன்மையானவர்கள். சேரன்மகாதேவி சார் ஆட்சியர் விசாரித்தார். பின்னர் உயர்நிலை விசாரணை, சி.பி.சி.ஐ.டி. வழக்கு. ஆனால் விசாரணையின் தொடக்கத்தில், தாம் கீழே விழுந்ததால் பல் உடைந்தது என்று சொன்னவரும் உண்டு. சாத்தான்குளம் முதல் தகவல் அறிக்கையிலும் அவ்விருவரும் தரையில் புரண்டு காயமுற்றதாகவே எழுதியிருந்தது. தென்மாவட்டங்களில் தரைதான் எத்தனை கொடியது! ஏழை ஒருவன் அஞ்சி மாற்றிப் பேசுவதற்கு அவனைக் குறை சொல்லிப் பயனில்லை. அவன் திரும்பிப் போய் வாழவேண்டியது அதே நிலையத்தின் எல்லைக்குள்.

சிறு வழக்கு என்று எவரும் இகழவேண்டா. வள்ளியூர் அடங்கிய இராதாபுரம் வட்டத்துக்கு அதைச் சொல்லித் தரவேண்டியதில்லை. 2011க்குப் பின் கூடங்குளம் அணுவுலைப் போராட்டத்தில் இடிந்தகரை மக்கள் ஆயிரக்கணக்கானோர்மீது தேசத்துரோகம் முதல் ஆணை மீறல் வரை வழக்குகள் குவிந்தன. பெயர் தெரியாத 'மற்றும் பலர்' என்னும் சொற்றொடருக்குள் ஓர் ஊரே அடங்கியது. வழக்குகளைத் திரும்பப் பெற முயல வேண்டுமென்று 2013 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னபிறகும் அவை ஆண்டுக்கணக்கில் தொங்கின. வளைகுடாவுக்கும் கப்பல் வேலைக்கும் செல்லவிருந்த இளைஞர்கள் கடவுச்சீட்டுக்கு அலைந்தார்கள். காவலர் தேர்வில் வென்றவனுக்கும் நிலுவையிலுள்ள வழக்கு ஒன்று போதும், பணி கைநழுவ.

தொற்றுக் காலத் தண்டங்களைச் சட்டத்தின் துணைகொண்டு எதிர்க்கலாம் என்பதற்கு ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு சான்று உண்டு. சிட்னி நகரின் ரெட்ஃபெர்ன் பகுதியில் 1977 முதல் இயங்கும் மக்கள் சட்ட மையம் ஒன்று, தண்டம் பெற்ற ஒரு சிலரின் சார்பில் நியூ சௌத் வேல்ஸ் உச்ச நீதிமன்றத்தை நாடியது. அவர்கள் எழுப்பிய வாதம் மிக எளிது: எந்த விதியை எவ்வாறு மீறினோம் என்று தண்டச் சீட்டில் முறையாகச் சொல்லவில்லை. 2022 நவம்பர் 29 அன்று, விசாரணை நாளிலேயே, அரசு அதை ஒப்புக்கொண்டு 33,121 தண்டங்களை விலக்கிக்கொண்டது. ஈராண்டு கழித்து மேலும் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவை விலக்கப்பட்டன. கட்டியவர்களுக்குப் பணம் திரும்பக் கிடைத்தது. இங்கோ வழக்குகளைக் கைவிட்ட அறிவிப்பில், ஏற்கெனவே பறிகொடுத்த தண்டத்தைப் பற்றி ஒரு சொல்லும் இடம்பெறவில்லை. கேட்கவும் ஆளில்லை. இருநூறு ரூபாய்க்கு யார் மதுரைக்குப் போவார் என்பதே அரசின் துணிவு. ஒருவர் போகமாட்டார் என்பது மெய்தான்; ஆயிரம் பேரின் சீட்டுகளை ஒருவர் எடுத்துச் செல்லலாமே என்று எண்ணியதுதான் அந்த மையத்தின் பெருமை.

நம் நாட்டில் இதற்குப் புதுச் சட்டம் வேண்டியதில்லை. காவலிலுள்ள எவரும், அவர் செல்வரோ வறியரோ, இலவசச் சட்ட உதவிக்கு உரியவர் என்பது 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு. கைதுக்கு முன்னும், கைதின்போதும், காவலில் அடைக்கும் வேளையிலும் வழக்கறிஞர் துணை கிடைக்க வேண்டுமென்று தேசியச் சட்டப் பணிகள் ஆணைக்குழு 2019இல் நெறிமுறையே வகுத்துத் தந்தது. கைதுக் குறிப்பு, உறவினர்க்குத் தகவல், 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவச் சோதனை ஆகியவற்றை டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்து 1996இலிருந்து காலம் ஓடிவிட்டது. நிலையங்களின் கேமராப் பதிவுகளை 18 மாதம் காக்கவேண்டும் என்று 2020 டிசம்பரில் அதே மன்றம் கூறியது. 2024 ஜூலை 1 முதல் சட்டங்களின் பெயரும் எண்ணும் மாறின. 188 இன்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 223, தண்டத் தொகையும் கூடியிருக்கிறது. எழுத்து வடிவ முறையீடு வேண்டும் என்ற பழைய வேலி மட்டும் புதிய நடைமுறைச் சட்டத்தின் 215ஆம் பிரிவில் அப்படியே நிற்கிறது. அடுத்த தொற்றோ, அடுத்த தடையாணையோ வரும்போது அந்த வேலியை யார் நினைவூட்டுவார் என்பதே கேள்வி.

வழக்கறிஞர் சங்கங்களுக்கு நம் வேண்டுகோள் இது. வள்ளியூர், நாங்குநேரி, இராதாபுரம், சாத்தான்குளம் எல்லைகளில் முறைவைத்து இருவர், ஞாயிறு உட்பட, ரிமாண்டு நேரத்தில் நடுவர் மன்ற வாசலில் நில்லுங்கள். அவர்களின் பெயரும் எண்ணும் ஒவ்வொரு காவல் நிலையத்தின் வெளிச்சுவரிலும் இருக்கட்டும். வணிகர் சங்கங்கள் அதற்குரிய போக்குவரத்துச் செலவை ஏற்கட்டும். 2020இல் ஒரு நாள் கடையடைத்ததால் இழந்ததைவிட அது குறைவு. வட்டச் சட்டப் பணிகள் குழு ஆண்டுக்கொருமுறை முகாம் நடத்திப் படம் எடுப்பதோடு அமையாமல், தண்டச் சீட்டுகளையும் 'மற்றும் பலர்' வழக்குகளையும் ஊர்வாரியாகத் தொகுக்கட்டும். வாசகர்களே, உங்கள் வீட்டில் எவரையேனும் காவலர் அழைத்துச் சென்றால், 15100 என்னும் சட்ட உதவி எண்ணை அந்நொடியே அழையுங்கள். மறுநாள் காலை வரை காத்திருக்காதீர்கள்.