புதியவருக்கு இடம்

வேற்று நாட்டிற் குடிபுகுந்தார் அந்நாட்டு வழக்கத்திற்கு இசைய வேண்டுமென்பர். இசைதல் வந்தவர் கடன் மாத்திரமே என்பதை யாம் ஒப்போம்.

1706-ஆம் ஆண்டு ஜூலை 9-ஆம் நாள் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மானியராகிய சீகன்பால்கு ஐயருக்கு வயது 24 நிரம்பவில்லை, தமிழும் அறியார். பள்ளிச் சிறுவரோடு தரையிலமர்ந்து மணலில் எழுத்துப் பயின்றார். 1708-இல் தாம் திரட்டிய தமிழ் ஏடுகளுக்கு அட்டவணையே வகுத்துவிட்டார். அவரது தாழ்மையைப் புகழாதாரில்லை. ஆயின், அந்நியருக்கு அருகில் இடம் விட்ட அச்சிறுவரையும், கற்பித்த முதிய உபாத்தியாயரையும் புகழ்ந்தார் யார்? ழகரம் அவர் நாவில் எளிதிற் புரண்டிராது, சிறுவர் நகைத்துமிருப்பர். எனினும் கற்பித்தல் நிற்கவில்லை.

நம் விடுதியில் மிசோரம் மலைநாட்டு மாணவர் ஒருவர் உளர். சோறு அவருக்குப் புதிதன்று. புளியும் வெயிலுமே புதியன. உணவுக்கூடத்தில் அவர் 'பழம்' என்பதைப் பிழைபட உரைத்தபோது யாம் நகைத்தோம். அன்றுமுதல் அவர் ஆங்கிலத்திலேயே கேட்கலாயினார். தமிழ் ஆனர்ஸ் வகுப்பினராகிய எமக்கு இதனினும் இழுக்கு வேறில்லை.

சென்ற வாரம் அவரை அணுகி, மிசோ மொழியில் நன்றி கூறுவது எங்ஙனமென வினவினோம். 'கா லோம் எ' என்றார். யாம் திருப்பிச் சொன்னோம். இம்முறை நகைத்தவர் அவர்.